வாய்மொழியாகக் கல்லூரிக்குச் சரி சொன்ன மகன் இப்போது விலகலாமா?

கேள்வி: டெக்சஸில், டல்லாஸ் பக்கம் வசிக்கிறோம். எனக்கு எச்-1பி விசா. மனைவிக்கும் மகனுக்கும் எச்-4, அதாவது குடும்பத்தினருக்கான விசா. மகன் 12ஆம் வகுப்பு, பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் கிக்கர், அதாவது பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவன். கடந்த ஜூனில் வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று முழு ஸ்காலர்ஷிப் தருகிறோம் என்றது. அவனும் சரி என்று சொல்லி எக்ஸ் தளத்தில் அறிவித்துவிட்டான். இப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே, அவன் விரும்பும் பொறியியல் படிப்புள்ள இன்னொரு பல்கலைக்கழகம் கூப்பிடுகிறது. அங்கே போக ஆசைப்படுகிறான். விஷயம் தெரிந்ததும் பழைய கோச் போன் செய்து, "உன்னை நம்பி வேறொரு பையனை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், இது சட்டப் பிரச்சினையாகும்" என்றாராம். போதாததற்கு, அந்தக் கல்லூரியின் ஆதரவாளர் குழு ஒன்று ஜூலையில் அவனிடம் நான்கு பக்க விளம்பர ஒப்பந்தத்தில் ஆன்லைனில் கையெழுத்து வாங்கியிருப்பது எங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது. பணம் எதுவும் வரவில்லை. அவனுக்கு வயது 17. வழக்கு வருமா?

பதில்: முதலில் கோச் சொன்னதை எடுத்துக்கொள்வோம். ஜூனில் உங்கள் மகன் சொன்ன சரி அவனைச் சட்டப்படி கட்டாது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பே வாய்மொழிச் சம்மதம் இரு தரப்பையும் கட்டாது என்றுதான் சொல்கிறது. அந்தக் கோச்சும் நாளைக்கே வேறு கிக்கர் கிடைத்தால் ஸ்காலர்ஷிப்பைத் திரும்பப் பெற முடியும், ஒவ்வோர் ஆண்டும் பல பையன்களுக்கு அது நடக்கிறது. "உன்னை நம்பினோம்" என்ற வாதம் அமெரிக்க ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. எழுத்தில் இல்லாத வாக்கை நம்பி ஒருவர் நஷ்டப்பட்டால் சில நேரம் நீதிமன்றம் உதவும். ஆனால் அந்த நம்பிக்கை நியாயமானதாக இருக்க வேண்டும். வாய்மொழிச் சம்மதம் கட்டாது என்று தெரிந்தே இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு பயிற்சியாளர், 17 வயதுப் பையனின் எக்ஸ் பதிவை நம்பி ஏமாந்தோம் என்று நீதிபதியிடம் சொல்லி ஜெயிப்பது மிகக் கடினம்.

பெரிய பெயர்களும் இப்படி மாறியிருக்கிறார்கள். 2024 ஜனவரியில் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குச் சரி சொன்ன பிரைஸ் அண்டர்வுட், அதே நவம்பரில் மிச்சிகனுக்கு மாறினார். டிராவிஸ் ஹண்டர் 2021 டிசம்பரில், கையெழுத்துப் போடும் நாளிலேயே, ஃபுளோரிடா ஸ்டேட்டை விட்டு ஜாக்சன் ஸ்டேட்டுக்குப் போனார். ஆகவே மகன் தப்பு செய்துவிட்டானோ என்று நீங்கள் குன்றிப்போக வேண்டாம்.

கோச்சின் வருத்தத்தில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்தை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளின் ஃபுட்பால் அணியில் பொதுவாக மொத்தம் 105 பேருக்கு மேல் இருக்க முடியாது. கிக்கருக்கு ஒதுக்கும் இடமோ ஒன்றிரண்டுதான். அதனால் புதிய ஆஃபர் எழுத்தில் வந்து, மகன் விலகுவது உறுதியானால் ஒருநாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். அவனே கோச்சைக் கூப்பிட்டுச் சொல்லட்டும். அந்த முடிவை எக்ஸ் பதிவைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். சட்டம் இதைக் கேட்கவில்லை, ஆனால் அந்த மனிதருக்கு இவ்வளவாவது செய்ய வேண்டும்.

எனக்குக் கவலை தருவது அந்த நான்கு பக்கத் தாள்தான்.

டெக்சஸில் 18 வயதுதான் மேஜர் வயது. மைனர் போட்ட ஒப்பந்தத்தை மைனர் விரும்பினால் ரத்து செய்யலாம், எதிர்த் தரப்பு அப்படிச் செய்ய முடியாது. பணம் வாங்கியிருந்தால் அதைத் திருப்பித் தரும் பேச்சு வந்திருக்கும், அந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் 18 ஆன பிறகு சும்மா இருந்தாலோ, அதன்படி ஏதாவது செய்தாலோ, ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடலாம். எனவே இப்போதே, எழுத்தில், "இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன்" என்று ஒரு கடிதம் போக வேண்டும். அதை ஒரு டெக்சஸ் வக்கீல் பார்த்து அனுப்பட்டும். எந்த மாநிலச் சட்டப்படி தீர்ப்பு, தகராறு நீதிமன்றத்துக்கா நடுவரிடமா என்று அந்தத் தாளில் எழுதியிருக்கும். வக்கீல் முதலில் அதைத்தான் தேடுவார். பெற்றோர் கையெழுத்து என்று ஒரு இடம் விட்டிருந்தால் அதில் நீங்கள் இப்போது கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அது உங்களைத் தனியாக மாட்டிவிடக்கூடும்.

அடுத்தது விசா. வேலை அனுமதி எச்-4இல் சில மனைவி, கணவன்மாருக்குத்தான் உண்டு, பிள்ளைகளுக்குக் கிடையாது. அந்த ஒப்பந்தப்படி விளம்பரப் படம் எடுத்து, பதிவு போட்டு, காசு வாங்கியிருந்தால் அது அனுமதியில்லாத வேலை என்று குடியேற்றத் துறை பார்க்க இடமுண்டு. கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல. டெக்சஸ் பள்ளி விளையாட்டை நடத்தும் யு.ஐ.எல். விதியும் இருக்கிறது: பள்ளியில் படிக்கும்போதே விளையாட்டுப் பெயரை வைத்துப் பணம் வாங்கினால் பள்ளி அணியில் ஆடும் தகுதி போகலாம்.  ஸ்காலர்ஷிப் வாங்குவதில் இந்த விசா சிக்கல் இல்லை, அது படிப்புக்கான உதவி.

இப்படிப்பட்ட பண ஒப்பந்தங்களில் வேறென்ன ஆபத்து என்று ஜேடன் ரஷாடாவின் வழக்கைப் படித்தால் புரியும். 2022 ஜூனில் மயாமிக்குச் சரி சொன்ன அந்த ஃபுட்பால் வீரர், நவம்பரில் ஃபுளோரிடாவுக்கு மாறி டிசம்பரில் கையெழுத்தும் போட்டார். தருவதாகச் சொன்ன 1 கோடியே 38 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை வரவில்லை. தன்னை விடுவிக்கச் சொல்லிக் கேட்டு, விடுதலை பெற்று அரிசோனா ஸ்டேட் போனார். 2024இல் ஃபுளோரிடாவின் பயிற்சியாளர் மீதும் ஒரு நன்கொடையாளர் மீதும், ஏமாற்றினார்கள் என்று அவரே வழக்குப் போட்டார். வழக்கு மயாமியை விட்டதற்காக அல்ல, தருவதாகச் சொன்ன பணத்துக்காகத்தான். கோச் "உன்னைக் கூப்பிட்ட கல்லூரி மீதும் வழக்குப் போடுவோம்" என்றாலும் பயப்பட வேண்டாம். 2025 ஜூனில் விஸ்கான்சின், மயாமி மீது போட்ட வழக்கு ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட ஒரு வீரரை இழுத்ததாகச் சொல்லப்பட்டது. உங்கள் மகன் பழைய பல்கலைக்கழகத்தோடு எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

ஆனால் டிசம்பர் முதல் வாரத்தில் கையெழுத்துப் போடும் நாட்கள் தொடங்குகின்றன. இந்தக் கல்லூரியில்தான் சேர்வேன் என்று வீரர்கள் கையெழுத்துப் போட 1964 முதல் இருந்த நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற தாளை 2024 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். இப்போது ஸ்காலர்ஷிப் ஒப்பந்தமே அந்த வேலையைச் செய்கிறது. அதில் கையெழுத்துப் போட்டால் மற்றக் கல்லூரிகள் அவனிடம் பேசக்கூடாது, விலகுவதும் இவ்வளவு சுலபமாக இருக்காது. கூடவே, கல்லூரி தன் வருமானத்தில் வீரருக்குப் பங்கு தரும் ஒப்பந்தம் ஒன்றை நீட்டினால், பாதியில் போனால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். அவன் எச்-4இல் இருக்கும் வரை, குடியேற்ற வக்கீலிடம் காட்டாமல் அதைத் தொடவே வேண்டாம். கல்லூரி நடுவில் 21 வயதாகும்போது எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரும், அதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் ஆஃபர் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 12ஆம் வகுப்பின் ஆகஸ்ட் 1 முதல் கல்லூரிகள் எழுத்தில் தரலாம், ஆகவே "வரும், வரும்" என்று இழுக்கக் காரணமில்லை. முழு ஸ்காலர்ஷிப்பா, எத்தனை வருடம், காயம்பட்டால் என்ன ஆகும், பொறியியல் துறையில் இடம் உறுதியா என்பது அதில் இருக்கட்டும். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு மகன் பழைய கோச்சுக்குப் போன் செய்யட்டும்.