ஏழு பேர் குடும்பத்துக்கு டீசல் ஃபார்ச்சூனரா, எவரெஸ்டா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் வீடு, மாதம் ஒருமுறை ஜோகன்னஸ்பர்க் பயணம். டொயோட்டா ஃபார்ச்சூனர் 2.8, ஃபோர்டு எவரெஸ்ட் 3.0 வி6 இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முறுக்குவிசையை, அதாவது இன்ஜின் வண்டியை இழுக்கும் திறனை, வைத்து முடிவெடுக்காதீர்கள். ஃபார்ச்சூனரின் 500 நியூட்டன் மீட்டரே வழியிலுள்ள வான் ரீனன் மலைக்கணவாயை ஏறத் தாராளம், எவரெஸ்டில் 600. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தரும் டர்போ இரண்டிலும் இருப்பதால், காற்று மெலிந்த உயரமான மேட்டுநிலத்திலும் இரண்டுக்கும் மூச்சு அதிகம் வாங்காது.

மூன்றாம் வரிசையைப் பாருங்கள். ஃபார்ச்சூனரில் அந்த இருக்கைகள் இருபுறமும் மடிந்து நின்று சாமான் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. எவரெஸ்டில் தரையோடு படுத்துவிடுகின்றன. காவடியும் பெரிய பாத்திரங்களுமாகக் கோயிலுக்குப் புறப்படும் நம் வீடுகளில் இது பெரிய வேறுபாடு. குடும்பத்தோடு போய், ஏழு பேரும் அமர்ந்து ஓட்டிப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

ஃபார்ச்சூனர் நம் டர்பன் பிராஸ்பெக்டனிலேயே தயாராகிறது, மறுவிற்பனையிலும் நல்ல மதிப்பு. ஆனாலும் உங்கள் பயணத்துக்கு நான் எவரெஸ்டையே சொல்வேன்.