கவிஞராவும் இருந்து கலைகளையும் வளர்த்தவங்கள்ல உங்க மனசுக்கு நெருக்கமானவர் யார்?

எனக்கு வள்ளத்தோள் நாராயண மேனன்தான். மலையாளத்துல குமாரன் ஆசான், உள்ளூர், வள்ளத்தோள்னு மூணு கவிஞர்களையும் சேர்த்தே சொல்லுவாங்க, அதுல ஒருத்தர். 1878ல திரூர் பக்கம் பிறந்தவர். காந்தியைப் பத்தி 'என்றெ குருநாதன்' எழுதினவர், வால்மீகி ராமாயணத்தையும் ரிக் வேதத்தையும் மலையாளத்துக்குக் கொண்டு வந்தவர். ஆனா நான் அவரைச் சொல்றதுக்கு இதெல்லாம் காரணம் இல்ல.

முப்பது வயசு வாக்குல அவருக்குக் காது கேக்காமப் போச்சு. அந்த வலியை 1910ல 'பதிரவிலாபம்'னு கவிதையாவே எழுதினார், செவிடனோட புலம்பல்னு அர்த்தம். இதே மனுஷன்தான் 1930ல கேரள கலாமண்டலம்ங்கிற கலைப் பள்ளியை ஆரம்பிக்கிறார், அதுவும் எதுக்கு, கதகளிக்கு! செண்டை, மத்தளம், சேங்கிலை, பின்னாடி நின்னு பாடுறவங்கன்னு ராத்திரி பூரா ஊரே அதிர்ற ஒரு கலைக்கு. அதுல அவருக்கு மிச்சம் இருந்தது முத்திரையும் கண்ணசைவும் முகமும் மட்டும்தான், எனக்கென்னமோ நம்மள விட அவர் அதை முழுசா பாத்திருப்பார்னு தோணுது.

அப்ப கதகளி நெலமை ரொம்ப மோசம். நம்பூதிரி இல்லங்களும் கோவிலகங்கள்னு சொல்ற ராஜ குடும்பங்களும் தறவாடுகள்னு சொல்ற பெரிய நாயர் குடும்பங்களும்தான் ஆட்டக்காரங்களுக்கு சோறு போட்டுட்டு இருந்துச்சு, அந்தக் குடும்பங்களே சொத்து பிரிஞ்சு நொடிச்சதும் ஆசான்களைத் தாங்க ஆள் இல்ல. வள்ளத்தோள் கையில காசு கிடையாது, ராஜாவும் இல்ல. மணக்குளம் முகுந்த ராஜாவைத் துணைக்கு வச்சுக்கிட்டு லாட்டரி நடத்தி, நன்கொடை கேட்டு அலைஞ்சு பணம் சேத்தார். பட்டிக்காம்தொடி ராவுண்ணி மேனன் மாதிரி பெரிய ஆசான்களைக் கூட்டிட்டு வந்து, குழுவை வெளியூர் வெளிநாடுன்னு கூட்டிட்டுப் போய் ஆட வச்சார். கெட்ட பேர் வாங்கி ஒதுங்கிக் கிடந்த மோகினியாட்டத்தையும் பாடமா வச்சார், எனக்கு இதுதான் பெரிய தைரியமா படுது. 1941ல கொச்சி அரசு கலாமண்டலத்தை ஏத்துக்கிச்சு, 1958ல அவர் காலமானார்.

கலாமண்டலம் இருக்கிற செறுதுருத்திக்கு நான் போனப்ப செண்டை படிக்கிற பசங்க வரிசையா உக்காந்து, செண்டையில இல்ல, கருங்கல்லுல புளியங்கட்டையால அடிச்சுப் பழகிட்டு இருந்தாங்க, கைக்கு பலம் வரணும்னு. நீங்க போறதா இருந்தா ஷொர்ணூர் ஸ்டேஷன்ல இறங்கி காலையிலயே போங்க, களரியில, அதாவது பயிற்சிக் கூடத்துல, வகுப்பு நடக்குறப்ப பாக்கணும். அப்படியே பாரதப்புழைக் கரையில இருக்கிற பழைய வளாகத்துக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க, அவரோட சமாதி அங்கதான் இருக்கு.