கூரையில்லாத கோயிலை விட்டுவிடாதீர்கள்

கே: லிஸ்பனில் படிக்கும் மகளைப் பார்க்கப் போகிறேன். பழைய இடங்களைச் சுற்ற இரண்டு நாள்தான் கிடைக்கும். முழங்கால் வலி வேறு. எதைப் பார்க்கலாம்?
- ஒரு வாசகி, மண்டபம்

ப: சகோதரி, நான் பாம்பன்காரன். சரக்குக் கப்பல் வேலையில் இருந்தபோது நடந்தே பார்த்த ஊர் அது.

பெலேமுக்கு 15-ஆம் எண் டிராம் போகும். அங்குள்ள கோபுரத்தை வெளியிலிருந்தே பாருங்கள்; உள்ளே குறுகலான சுழல்படி, முழங்காலுக்கு ஆகாது. சுவரைச் சுற்றிக் கல்லிலேயே வடக்கயிறு செதுக்கியிருக்கிறார்கள், முறுக்கும் முடிச்சுமாக. கயிறு பிடித்துப் பழகிய எனக்கு அதைவிட்டு நகர மனசே வரவில்லை. பக்கத்தில் ஜெரோனிமோஸ் மடம். நம் நாட்டு மிளகு போன்ற சரக்குகள் மேல் போட்ட வரிப்பணத்தில் எழுந்தது. வாஸ்கோடகாமா கல்லறை அங்கேதான். ஆற்றங்கரை நினைவுச்சின்னத்தில் சவேரியார் சிலையைத் தேடுங்கள். 1541-இல் அவர் லிஸ்பனில் கப்பலேறித்தான் பிறகு நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

இதெல்லாம் எல்லோரும் சொல்வது. நான் கேட்டுக்கொள்வது, கார்மோவை விட்டுவிடாதீர்கள். கார்மேல் மாதா கோயில் அது. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள் காலை, பூமி குலுங்கிக் கூரை இடிந்து விழுந்தது. ஆற்றங்கரைக்கு ஓடியவர்கள் தண்ணீர் உள்வாங்குவதைப் பார்த்தார்கள். அப்புறம் அலை வந்தது. திரும்பக் கட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். நடுக்கூடத்துக்கு இன்றும் கூரை கிடையாது. கல்வளைவுகளுக்கு நடுவே வானம்தான் தெரியும்.

என் அம்மா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் புயலில் கட்டிய சேலையோடு தப்பி வந்தார். மொட்டையாக நிற்கும் அந்தச் சர்ச் சுவரைக் காட்டி, "இங்கேதான்டா எனக்குக் கல்யாணம் நடந்தது" என்பார். கார்மோவில் அண்ணாந்து பார்த்ததும் அந்தக் குரல்தான் கேட்டது. அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இடிந்ததை இடிந்தபடியே கழுவித் துடைத்து, அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நம் சுவரோ உப்புக்காற்றில் அரித்துக்கொண்டிருக்கிறது. அதையும் இப்படிக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

கார்மோ மேட்டில் இருக்கிறது. பைஷா-ஷியாடோ மெட்ரோவில் இறங்கி ஷியாடோ வாசலைக் கேளுங்கள். நகரும் படிக்கட்டே மேலே கொண்டுபோய் விடும். ஞாயிறு கார்மோவுக்கு விடுமுறை, ஜெரோனிமோஸுக்குத் திங்கள். அதனால் வெள்ளி பெலேம், சனி கார்மோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.