வாசகர் கேள்வி பதில்: வீட்டுக்கு வந்த வெல்டிங் மெஷின்

கேள்வி: தொழுவத்துக் கதவையும் தோட்டத்து கேட்டையும் நானே சரிசெய்துகொள்ளலாம் என்று, கையில் தூக்கிச் செல்லக்கூடிய 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் ஒன்று வாங்கினேன். தோட்டம் வரை வயர் இழுத்துச் சோதித்தபோது ராடு (வெல்டிங் குச்சி) அடிக்கடி ஒட்டிக்கொண்டது. 120 ஆம்பியருக்கு ஏற்றினால் வீட்டில் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. மெஷினில் கோளாறு என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா ஐயா?
— வாசகர், களக்காடு

பதில்: அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு அறிகுறிகளும் மெஷினைக் காட்டிலும் அதற்குப் போய்ச் சேரும் மின்சாரத்தின் மேல்தான் ஐயம் கொள்ள வைக்கின்றன.

120 ஆம்பியரில் ராடு எரியும்போது அதன் முனையில் ஏறத்தாழ 25 வோல்ட் நிற்கும். அதாவது 3,000 வாட் அங்கேயே செலவாகிறது. மெஷினுக்குள் ஏற்படும் இழப்பையும், சிறிய இன்வெர்ட்டர்களின் பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) குறைவாக இருப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், வீட்டு லைனிலிருந்து அது இழுப்பது 20 ஆம்பியரைத் தாண்டிவிடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு விழத்தான் வேண்டும். அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அதை எடுத்துவிட்டுப் பெரிய எம்.சி.பி. போடலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். சுவருக்குள் ஓடும் வயர் பழைய அளவிலேயே இருக்கும்போது, சூடு அந்த வயரில்தான் ஏறும்.

உங்கள் வேலைக்கு 120 ஆம்பியர் தேவையும் இல்லை. 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் வரை போதும். 80 ஆம்பியரில் லைன் இழுப்பு பெரும்பாலும் 16 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். 3.15 மில்லிமீட்டர் ராடு, வயரிங்கும் அனுமதிக்கப்பட்ட மின்பளுவும் அதற்கேற்ப உள்ள இடத்துக்கு உரியது.

அடுத்தது, தோட்டம் வரை இழுத்த அந்த வயர். என் கணிப்பில் ராடு ஒட்டுவதற்கு முதற்காரணம் அதுவே. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 20 மீட்டர் தொலைவுக்கு 15 ஆம்பியர் போனால், ஏறத்தாழ 11 வோல்ட் வயரிலேயே கரைந்துவிடும், 2.5 சதுர மில்லிமீட்டரானால் 4 வோல்ட் சொச்சம்தான். மாலையில் ஊர் முழுக்க மோட்டாரும் விளக்கும் ஓடி வோல்டேஜ் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் நேரத்தில் இந்த 11 வோல்ட் பெரிய இழப்பு. பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, ராடு எரிந்துகொண்டிருக்கும்போதே பிளக் அருகில் மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். மெஷினின் தகட்டில் 230 வோல்ட், கூடக்குறைய 15 விழுக்காடு என்று இருந்தால், 195 வோல்ட்டுக்குக் கீழே அதனிடம் நல்ல வேலையை எதிர்பார்க்க முடியாது. எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளோடு வைத்துப் பயன்படுத்தாமல் முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் ராடு ஒட்டினால், எர்த் கிளாம்ப் (மெஷினிலிருந்து வரும் வயரை வேலை செய்யும் இரும்போடு இணைக்கும் கவ்வி) கடித்திருக்கும் இடத்தைப் பாருங்கள். பெயின்ட், துரு, சாணக்கறை எதுவும் இல்லாமல் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை கிரைண்டரால் தேய்த்து, அங்கே கிளாம்பை மாட்ட வேண்டும். ஆனால் கிரைண்டரை மெஷினுக்குப் பக்கத்தில் ஓட்டக் கூடாது; மெஷினின் மின்விசிறி இரும்புத் தூளை உள்ளே இழுத்தால் மின்பலகை கெட்டுவிடும். ராடு ஈரம் வாங்கியிருந்தாலும் இதே தொல்லை வரும் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் உடைத்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பழகுவதற்கு 6013 என்று அச்சிட்ட ராடே ஏற்றது: முதல் இரண்டு இலக்கங்கள் வெல்டின் இழுவலிமை 60,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) என்பதையும், அடுத்த 1 எல்லா நிலைகளிலும் வைத்துப் பற்றவைக்கலாம் என்பதையும் குறிக்கின்றன. முனையைச் செங்குத்தாகக் குத்தாமல், தீக்குச்சியை உரசுவது போல் சாய்த்து உரசி, பற்றியவுடன் சிறிது தூக்குங்கள்.

முதல் சோதனையைக் கேட்டில் செய்ய வேண்டாம் என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன். 1.6 மில்லிமீட்டர் ஸ்கொயர் பைப் பழகாத கைக்கு உடனே ஓட்டையாகிவிடும். 5 அல்லது 6 மில்லிமீட்டர் பட்டைத் துண்டுகள் இரண்டை இணைத்து, ஆறிய பின் வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்து உடைத்துப் பாருங்கள். உடைந்த முகத்தில் கசடும் குமிழ்த் துளைகளும் தெரிந்தால் இன்னும் பழக வேண்டும் என்று பொருள். வெளியே அழகாகத் தெரியும் வெல்டை மட்டும் பார்த்து நிறைவடைந்து, மாடு முட்டும் கதவை அதன் நம்பிக்கையில் மாட்டுவது ஆபத்து.

தொழுவத்து ஈரத்தரையில் நின்று ஒருபோதும் பற்ற வைக்காதீர்கள். எரியாதபோதும் ராடைப் பிடிக்கும் ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை இருக்கக்கூடும்; வியர்த்த உடம்புக்கு அது சிறியதல்ல. பிளக்கின் மூன்றாவது முள்ளுக்கு உண்மையான எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துவிடுங்கள். எர்த் கிளாம்ப் அதற்கு மாற்றாகாது. ஆனி, ஆடிக் காற்றில் பொறி 10 மீட்டர் கூடப் பறக்கும் என்பதால் வைக்கோல் படப்பும் ஓலை வேலியும் இருக்கும் பக்கம் வேலையே வேண்டாம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் முற்றத்தில் வெல்டிங் பழகுகிறார். வேடிக்கை பார்த்த மகனுக்கு நடுஇரவில் கண்ணில் மண் விழுந்தது போல் எரிச்சல் வந்து அழுதான். உருளைக்கிழங்கு வைத்தோம். அது போதுமா?
— வாசகி, சேரன்மகாதேவி

பதில்: போதாது அம்மா. அந்த ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்பரப்பைச் சுட்டிருக்கிறது. வலி உடனே தெரியாது. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்தே தொடங்கும். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் ஆறிவிடும் என்றாலும், கிழங்கு, தாய்ப்பால் போன்றவற்றால் புண்ணான கண்ணில் கிருமி சேரக்கூடும். வலியை மரக்கச் செய்யும் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கி ஊற்றவும் கூடாது. இன்னும் எரிச்சலோ பார்வை மங்கலோ இருந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையிலேயே காட்டலாம். வேலை செய்பவருக்கு 10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடி பொருத்திய முகமூடி வேண்டும். கூலிங் கிளாஸ் ஈடாகாது. முற்றத்தைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, பிள்ளைகளை வீட்டுக்குள் இருக்கச் செய்யுங்கள்.

கேள்வி: ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வெல்டிங் செய்தால் பால் குடித்துவிட வேண்டும் என்கிறார்களே?
— வாசகர், உவரி

பதில்: பால் தடுக்காது. துத்தநாகப் பூச்சு எரிந்து எழும் வெண்புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டிங் வைக்கும் இடத்திலிருந்து இரண்டு அங்குலம் வரை பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த வெளியில், காற்று பக்கவாட்டில் வீசும்படி நின்று வேலை செய்யுங்கள். தேய்த்த இடத்தை உவரியின் உப்புக்காற்று விரைவில் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், அன்றே கசடைத் தட்டித் துடைத்துத் துத்தநாகம் கலந்த பிரைமரை இரண்டு பூச்சு அடித்துவிடுங்கள்.