கேளுங்கள், சொல்கிறேன்: அண்ணா கொண்டுவந்த போத்தல்

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் பாரிசிலிருந்து வந்த அண்ணா ஒரு வைன் போத்தல் தந்துவிட்டுப் போனார். வெள்ளை லேபிள், பொன் நிறத்தில் கிரீடம், 'சத்தோ டிக்கெம் 2005' என்று இருக்கிறது. மகளின் கலியாணத்துக்கு வைத்திருக்கச் சொன்னார். அவளுக்கு இப்போதுதான் பதினெட்டு. அலமாரியின் மேல்தட்டில் நிற்கிறது. வைக்க வைக்க விலை கூடும் என்கிறார்களே, உண்மையா? (வாசகி, கொக்குவில்)

பதில்: தங்கச்சி, மிச்சத்தை வாசிக்க முதல் எழும்பிப் போய் அந்தப் போத்தலை இறக்குங்கோ. கழுத்தைப் பாருங்கோ. மூடியைச் சுற்றியிருக்கிற தகட்டோரம் பிசுபிசுவென்று கசிந்திருக்கிறதா? தக்கை மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறதா? இரண்டும் இல்லையென்றால் தப்பியிருக்க இடமிருக்கு. துணியில் சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்க வையுங்கோ. படுத்திருந்தால்தான் தக்கை நனைந்தபடி இருக்கும். காய்ந்தால் சுருங்கும், காற்று உள்ளே போகும்.

விலை கூடுவது உண்மை. ஆனால் அது 12, 13 பாகைக் குளிரில், இருட்டில், அசையாமல் கிடக்கிற போத்தலுக்கு. அப்படிக் கிடந்தால் டிக்கெம் என்கிற இந்த இனிப்பு வெள்ளை வைன் நூறு வருடமும் தாங்கும். எங்கடை சித்திரை வெயிலில், ஓட்டுக்குக் கீழே, அலமாரி மேல்தட்டில் தாங்காது. நான் பாரிசில் ஓர் உணவகத்தின் நிலவறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன். அப்படி இருந்தும், அம்மாவுக்கென்று கொண்டுவந்த, டிக்கெம் பிறக்கிற சோத்தேர்ன் பகுதி வைன் போத்தல் ஒன்றைக் குசினி றாக்கையில் வைத்துவிட்டேன். எட்டு மாதம் கழித்துத் திறந்தபோது தேன் மணம் போய், கருகின சீனிப்பாணி மணம்தான் வந்தது. அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு "நல்லாயிருக்கு, தம்பி" என்றா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கலியாணம் வரைக்கும் காக்க வேண்டாம். அண்ணா அடுத்த முறை வரும்போது அவரோடு இருந்து திறவுங்கோ. பொன்னிறம் மாறி வெளிர்த் தேத்தண்ணி நிறமாக இருந்தால் பயப்படாதேங்கோ. வயது போகப் போக நிறம் கூடுகிற சாதி அது.

கேள்வி: எட்டுப் பரப்பில் முந்திரிகை வைத்திருக்கிறேன். மார்கழி மழைக்குப் பூஞ்சணம் பிடித்த குலைகளை வெட்டி எறிகிறேன். பிரான்சில் அழுகின பழத்தில்தான் விலை கூடின வைன் செய்கிறார்கள் என்று மகன் சொல்கிறான். என்னைப் பகிடி பண்ணுகிறானா? (வாசகர், கோப்பாய்)

பதில்: இல்லை ஐயா, மகன் சொன்னது உண்மை. மேலே தங்கச்சி கேட்ட அதே டிக்கெம், அப்படிப்பட்ட பழத்தில்தான் பிறக்கிறது.

போர்தோ நகருக்குத் தெற்கே சோத்தேர்ன் என்று ஒரு பகுதி. சிரோன் என்கிற குளிர்ந்த சிற்றாறு அங்கே சூடு கூடின கரோன் ஆற்றோடு சேர்கிறது. இலையுதிர் காலத்தில் அந்த இரண்டு தண்ணீரும் சந்திக்கிற இடத்திலிருந்து விடியப்புறம் பனிமூட்டம் எழும்பித் தோட்டங்களுக்கு மேலே படுக்கும். அந்த ஈரத்தில் பொட்ரைட்டிஸ் என்கிற பூஞ்சணம் பழத்தில் பிடிக்கும். மத்தியானம் வெயில் வந்து காய வைக்கும். பூஞ்சணம் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் போட, தண்ணீர் ஆவியாகிப் போய் இனிப்பும் புளிப்பும் உள்ளே இறுகிவிடும். காலை ஈரமும் வேணும், மத்தியானக் காய்ச்சலும் வேணும். ஒன்று தவறினாலும் வெறும் அழுகல்தான்.

ஒரு ஐப்பசியில் அங்கே பழம் ஆயப் போனேன். டிக்கெமில் அல்ல, டிக்கெம் இருக்கிற குன்றுக்குக் கீழே ஒரு சின்னத் தோட்டம். வேலை காட்டித் தந்த அம்மா ஒரு குலையைக் கையில் ஏந்தித் திருப்பிக் காட்டினா. ஒரே குலையில் மூன்று விதம். ஒன்று பொன் நிறத்தில் சின்னப் புள்ளி விழுந்தது. மற்றது ஊதாவும் மண்ணிறமுமாய், ஆனால் உருண்டையாய். மூன்றாவது சாம்பல் மயிர் பூத்து வற்றலாய்ச் சுருங்கினது. மூன்றாவதை மட்டும் கத்தரிக்கோல் நுனியால் எடுக்கச் சொன்னா. ஒன்றை வாயில் போட்டேன். தேனும் தோடம்பழத் தோலும் சேர்ந்த ருசி. விரல்கள் ஒட்டிக்கொண்டன. மிச்சத்தை விட்டுவிட்டு, ஒரு கிழமை கழித்து அதே கொடிக்கு முன்னால் திரும்பப் போய் நின்றேன். டிக்கெமில் ஒரு பருவத்தில் இப்படி ஐந்தாறு தரம் சுற்றுவார்கள். மற்ற இடத்தில் ஒரு கொடி ஒரு போத்தலாவது தரும். அங்கே ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் என்பது கணக்கு.

உங்கள் பந்தலில் நடப்பது வேறு. மார்கழியில் மழை விடாது, மத்தியானமும் காயாது, இரவும் சூடு. பழம் வெடிக்கும், இலையான் மொய்க்கும், வினாகிரி மணம் வரும். அந்தக் குலைகளைத் தயங்காமல் வெட்டித் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் அழியுங்கோ. அனுமதி இல்லாமல் வீட்டில் புளிக்க வைக்கவும் வெளிக்கிடாதேங்கோ, அது சட்டப்படி குற்றம். ஊர் வைன் குடிக்க ஆசையென்றால் தோலகட்டி ஆச்சிரமம் இருக்கிறது.

கேள்வி: ஒரு டிக்கெம் போத்தல் ஒரு லட்சம் ரூபாவுக்கு மேல் என்றால் அது பெயருக்குக் கொடுக்கிற காசுதானே? (வாசகர், நெல்லியடி)

பதில்: பெயருக்கும்தான். ஆனால் அந்தப் பெயரை எப்படிக் காத்தார்கள் என்று பாருங்கோ. 1785 இல் அந்தத் தோட்டத்துச் சொந்தக்காரப் பெண் லூர்-சாலூஸ் என்கிற பிரபுக் குடும்பத்தில் கலியாணம் செய்தா. மூன்று வருடத்தில் கணவர் செத்துப்போனார். அடுத்த வருடம் பிரெஞ்சுப் புரட்சி. சிறைக்கும் போய்வந்து, தோட்டத்தை விட்டுக்கொடுக்காமல், 1851 வரை உயிரோடிருந்தா. அமெரிக்காவின் தோமஸ் ஜெபர்சன் தனக்கும் ஜோர்ஜ் வாஷிங்டனுக்கும் இந்த வைனை வரவழைத்தது அந்தக் காலத்தில்தான். 1855 இல் பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டு, போர்தோ தரகர்கள் வைன்களைத் தரம் பிரித்தார்கள். சிவப்பில் லாஃபித், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் நான்கும் முதல் தரம். இனிப்பு வெள்ளையில் டிக்கெமுக்கு மட்டும் 'முதல் தரத்துக்கும் மேல்' என்று தனி இடம் கொடுத்தார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிதாய்ப் படுவது அவர்கள் செய்யாமல் விட்ட வருடங்கள். 1972, 1974, 1992 ஆண்டுகளுக்கு டிக்கெம் இல்லை. 2012 இல் மழை கெடுத்தது. வந்ததைப் போத்தலில் அடைத்திருந்தாலும் சனம் வாங்கியிருக்கும். அவர்கள் அந்தப் பெயரில் ஒரு போத்தல்கூட வெளியே விடவில்லை. எங்கள் நிலவறைப் பட்டியலில் 2012 க்கு நேரே பேனையால் கோடு போட்டது நான்தான். விளைச்சலைக் கழிக்கிற கமக்காரனின் வயிற்றெரிவு எங்கடை ஆட்களுக்குத் தெரியும்.

கேள்வி: சோத்தேர்னோடு என்ன சாப்பிடலாம்? (வாசகி, சாவகச்சேரி)

பதில்: பிரான்சில் ரொக்ஃபோர் என்கிற உப்புக் கூடின நீலச் சீஸோடு குடிப்பார்கள். மாங்காய்க்கு உப்புத் தொட்டுச் சாப்பிடுகிற எங்களுக்கு அந்தச் சேர்க்கை புதிசில்லை. பால்கோவா, தொதல் வேண்டாம். வைனைவிட இனிப்பான பண்டத்தோடு குடித்தால் வைன் வாயில் புளிப்பாய்த் தெரியும். நன்றாகக் குளிர வைத்துச் சின்னக் கிளாசில் ஊற்றுங்கோ. மீதியைத் தக்கையால் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு கிழமை கெடாது.