லிஸ்பன் போகிறேன், ஆங்கிலம் மட்டுமே தெரியும். எந்தப் போர்ச்சுகீசியச் சொற்களை முதலில் படிப்பது?

கடைக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்லுங்கள். நண்பகல் வரை 'போம் தீயா', பிறகு 'போவா தார்த்'. 'போம்' என்பதில் உதட்டை மூடாமல் மூக்கால் முடிக்க வேண்டும். ஆங்கிலம் பேசுவோர் அழுத்தமாக 'ம்' போட்டுவிடுவார்கள்.

நன்றிக்கு ஆண் 'ஒப்ரிகாது', பெண் 'ஒப்ரிகாதா'. சொல்பவரின் பால்தான் கணக்கு, கேட்பவருடையது அல்ல. (நடுவில் வரும் க, த தமிழில் போலவே மென்மையாக ஒலிக்கும், நமக்கு எளிது.)

எதைக் கேட்டாலும் 'கெரீயா' (வேண்டும் என்பதன் பணிவான வடிவம்) என்று தொடங்குங்கள். நேரடியாக 'கேரு' (வேண்டும்) என்று சொன்னால் அதட்டுவதுபோல் இருக்கும். வெறுமனே 'கஃபே' கேட்டால் சின்னக் கோப்பையில் எஸ்பிரெஸோதான் வரும்.

கதவில் Puxe என்று எழுதியிருக்கும் 'புஷ்' ஆளைக் கவிழ்க்கும்: ஆங்கில push போல ஒலித்தாலும் அதற்கு இழு என்று பொருள்! தள்ளுவதற்கு 'எம்புர்ரெ'.

செயலியில் படித்தால் அது பிரேசில் வழக்கா என்று பாருங்கள். அங்கே பேருந்து 'ஓனிபுஸ்', லிஸ்பனில் 'அவுதுகார்ரு'.