நடுங்கும் படகுக்கு முதலில் எதை வாங்குவது?

கேள்வி: நானும் கனடாவில் இருக்கும் மச்சானும் சேர்ந்து திருகோணமலையில் 30 அடிப் பாய்ப்படகு ஒன்றைப் பாவித்த நிலையில் வாங்கினோம். உள்ளே மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின், கியர்பொக்ஸ் 2க்கு 1. வாங்கிய அன்று கடலில் ஓட்டிப் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. பருத்தித்துறை சுற்றி ஊர்காவற்றுறைக்குக் கொண்டுவந்தோம். வழியில் இரவு ஏதோ வலையில் பட்டதுபோல் வேகம் குறைந்தது, பிறகு சரியாகிவிட்டது. இப்போது கியரில் போட்டு 1500 சுற்றுக்கு மேல் ஏற்றினால் நடுங்குகிறது. ஏற்ற ஏற்றக் கூடுகிறது. நியூற்றலில் எவ்வளவு ஏற்றினாலும் பெரிதாகத் தெரியவில்லை. ஷாப்ட் வெளியே போகும் கிளாண்டில் முன்னரைவிடத் தண்ணீர் கூடச் சொட்டுகிறது. ஒரு மெக்கானிக் எஞ்சினைத் தாங்கும் நாலு றபர் மவுண்டையும் மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் எஞ்சின் முடிந்துவிட்டது, கொழும்பில் பாவித்த எஞ்சின் எடுக்கலாம் என்கிறார். மச்சானோ விற்றவரிடம் காசைத் திருப்பிக் கேள் என்று நிற்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
(வாசகர், ஊர்காவற்றுறை)

பதில்: மூன்று பேர் சொல்வதையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் முதலில் வாங்க வேண்டியது சுழியோடும் கண்ணாடி ஒன்றும் நல்ல கத்தி ஒன்றும்தான். அயலில் சுழியோடி யாரும் இருந்தால் அந்தச் செலவும் இல்லை.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. இரவில் வலை பட்டதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு எஞ்சினைப் பற்றிக் கேட்கிறீர்கள். பட்டது வலைதான் என்றால் அது புறொப்பெல்லரோடு மட்டும் நிற்காது. ஷாப்ட் சுழலச் சுழல இழை அதில் சுற்றிக்கொண்டே முன்னுக்குப் போய், புறொப்பெல்லருக்கும் பேரிங்குக்கும் இடையிலுள்ள சின்ன இடைவெளிக்குள் இறுகும். தங்கூசியாக இருந்தால் உராய்ந்த சூட்டில் உருகி ஒட்டிவிடும். வெட்டி எடுத்துப் பார்த்தால் வலை போலவே இருக்காது. கறுத்துப்போன பிளாஸ்ரிக் வளையம் ஒன்று ஷாப்டைக் கவ்விக்கொண்டு இருக்கும். மேலிருந்து பார்ப்பவருக்குப் புறொப்பெல்லர் துப்புரவாகத்தான் தெரியும். ஆகவே சுழியோடுபவரிடம், ‘வலை இருக்கா?’ என்று மட்டும் கேட்காமல், அந்த இடைவெளிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் நீருக்குள் இருக்கும்வரை எஞ்சின் திறப்பு உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

அந்த வளையம் செய்யும் கெடுதி நடுக்கத்தோடு முடிவதில்லை. பித்தளைக் குழாய்க்குள் றபர் வைத்த அந்தப் பேரிங்குக்கு எண்ணெயும் இல்லை, கிறீஸும் இல்லை. கடல்நீர் ஓடித்தான் அது வழுக்க வேண்டும். நீர் போகும் வழி அடைபட்டால் றபர் கருகும், ஷாப்ட் ஆடத் தொடங்கும், அந்த ஆட்டம் உள்ளே கிளாண்ட் வரைக்கும் வரும். உங்கள் கிளாண்ட் கூடச் சொட்டுவதற்கு இது காரணமாக இருக்கலாம். ஓடும்போது நிமிடத்துக்குச் சில துளி விழுவது வழமை. எஞ்சின் நின்ற பிறகும் ஒழுகினால் படகை ஆளில்லாமல் விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டாம்.

சுழியோடுபவர் கீழே நிற்கும்போதே இன்னும் மூன்று காரியம் பார்க்கலாம். ஷாப்டைப் பிடித்து மேலும் கீழும், இரு பக்கமும் ஆட்டட்டும். 25 மில்லிமீற்றர் ஷாப்டுக்கு ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் ஆட்டம் இருந்தால் பேரிங் மாற்றும் காலம் வந்துவிட்டது. புறொப்பெல்லர் இதழ்களின் நுனியில் நெளிவு, வெட்டு இருக்கிறதா என்று தடவட்டும். சிப்பி ஒட்டியிருந்தால் சுரண்டட்டும். நமது பரவைக் கடலில் சில கிழமை கட்டிவைத்த படகிலேயே சிப்பி பிடித்துவிடும். ஓர் இதழில் கூடவும் மற்றதில் குறையவும் பிடித்தால் அதுவே நடுங்கப் போதும். மடியும் புறொப்பெல்லர் என்றால் எல்லா இதழும் ஒரே அளவுக்கு விரிகிறதா என்று பார்ப்பதும் முக்கியம்.

கீழே எல்லாம் சரி, ஆனாலும் நடுங்குகிறது என்றால் அடுத்த சோதனைக்குச் சதச் செலவு இல்லை. அது பாய்ப்படகுக்காரருக்கு மட்டும் கிடைக்கிற வசதி. சோளகம் சீராக வீசும் ஒரு நாளில் பாயை ஏற்றி மணிக்கு ஐந்து கடல்மைல் வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சினை நிறுத்தி கியரை நியூற்றலில் விடுங்கள். நீரோட்டத்தில் புறொப்பெல்லரும் ஷாப்டும் தாமாகச் சுழலும். அப்போது தரைப் பலகையில் கையை வையுங்கள். நடுக்கம் தெரிந்தால் எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, குற்றம் ஷாப்டிலோ பேரிங்கிலோ புறொப்பெல்லரிலோதான். தெரியாவிட்டால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர வேண்டாம், ஏனென்றால் பாயில் ஷாப்ட் அவ்வளவு வேகமாகச் சுழலாது. சில கியர்பொக்ஸ்களை இப்படிச் சுழல விடக்கூடாது என்று கையேட்டில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டே செய்யுங்கள்.

கைத்தொலைபேசியில் அதிர்வு அளக்கும் செயலி இருக்கிறதே என்று யாராவது சொல்லக்கூடும். உங்கள் படகில் அது குழப்பத்தான் செய்யும். எஞ்சின் 2000 சுற்றில் ஓடும்போது 2க்கு 1 கியரில் ஷாப்ட் 1000 சுற்று. நாலு வீச்சு எஞ்சினில் ஒரு சிலிண்டர் எரியாமல் போனால் அந்தத் தவறுதலும் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம்தான், அதாவது நிமிடத்துக்கு 1000 தரம். இரண்டும் ஒரே எண்ணில் வந்து நிற்கும்.

எஞ்சின் பக்கச் சந்தேகத்தைத் தீர்க்க வேறு வழி இருக்கிறது. மெதுவான ஓட்டத்தில் ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் முறையே தளர்த்தி இறுக்க வேண்டும். எதைத் தளர்த்தியபோது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைக்கும் என்பதால் பழகிய ஆள்தான் இதைச் செய்ய வேண்டும். நியூற்றலில் நடுங்காத உங்கள் எஞ்சினில் இது வெளிவரும் என்று நான் நினைக்கவில்லை. புது எஞ்சின் கதையை அதோடு விட்டுவிடலாம்.

மவுண்டை அப்படி முழுதாகத் தள்ளிவிட முடியாது. கியரில் போட்டதும் புறொப்பெல்லர் எஞ்சினைத் தள்ளுகிறது, அந்தப் பாரம் வரும்போதுதான் நைந்த றபர் தன் குணத்தைக் காட்டும். டீசலும் எண்ணெயும் ஊறி உப்பிய றபர், ஒரு மூலையில் மட்டும் தாழ்ந்து நிற்கும் எஞ்சின், இவை கண்ணுக்கே தெரியும். அப்படி எதுவும் இல்லாவிட்டால் மவுண்டைத் தொடுவதற்கு முன், கியர்பொக்ஸையும் ஷாப்டையும் இணைக்கும் கப்ளிங்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இதில்தான் மெக்கானிக்கின் தரம் தெரியும். பொல்ற்களைக் கழற்றி, இரண்டு தட்டுகளையும் முட்டவைத்து, மேலே, கீழே, இரு பக்கம் என நாலு இடத்தில் பீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டு இடைவெளி பார்க்க வேண்டும். 100 மில்லிமீற்றர் தட்டுக்கு, கூடிய இடத்துக்கும் குறைந்த இடத்துக்கும் வித்தியாசம் 0.1 மில்லிமீற்றருக்குள் நிற்க வேண்டும். பிறகு கியர்பொக்ஸ் பக்கத்தை அசையாமல் வைத்து ஷாப்டை மட்டும் கால் சுற்றுத் திருப்பி மறுபடி அளக்க வேண்டும். கூடிய இடைவெளி அதே இடத்தில் நின்றால் எஞ்சின் நேர்கோட்டில் இல்லை. மவுண்ட் நட்டைத் திருப்பியே சரிசெய்யலாம். அது ஷாப்டோடு சேர்ந்து சுற்றி வந்தால் ஷாப்ட் வளைந்திருக்கிறது, அல்லது தட்டு ஷாப்டுக்குச் செங்குத்தாகப் பொருந்தவில்லை. லேத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய வேலை. இதையெல்லாம் படகு கடலில் மிதக்கும்போது, பாய்மரக் கம்பிகள் வழமையான இறுக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டும். கரையில் தூக்கி வைத்த படகின் உடல் வேறு வடிவில் இருக்கும். கரையில் வைத்தே சரிபார்த்துத் தருகிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

கப்ளிங்கைக் கழற்றியதும் ஷாப்டில் ஒரு கிளிப்பை இறுக்கிவிடுங்கள். பிடியில்லாத ஷாப்ட் பின்னுக்கு வழுக்கி வெளியே போனால், அது இருந்த துவாரத்தால் கடல் உள்ளே வரும்.

விற்றவர் விஷயம். வாங்கிய அன்று ஓடிய படகு, வழியில் வலையில் பட்ட பிறகு நடுங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தில், பொருள் தேவைக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, அந்தப் பொருளை வியாபாரமாக விற்பவரைத்தான் பிடிக்கும். தன் சொந்தப் படகை விற்றவரிடம், அவர் பொய் சொல்லி விற்றார் என்று காட்ட முடிந்தாலொழிய, பெரிதாக ஒன்றும் கிடைக்காது. உங்கள் கதையில் பொய் எதையும் நான் காணவில்லை. மச்சானுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: எங்களுடையது மீன்பிடிப் படகு, உள்ளே டீசல் எஞ்சின். நடுக்கத்துக்காக நாலு மவுண்டும் ஒரு கடையிலேயே வாங்கி அவர்களைக் கொண்டே பூட்டினோம். இப்போது நடுக்கம் முன்னரைவிட மோசம். ‘பூட்டின சாமானைத் திருப்பி எடுக்க ஏலாது’ என்கிறார்கள். இரண்டு மாதம் ஆகப்போகிறது.
(வாசகர், குருநகர்)

பதில்: அவர்கள் மவுண்ட் மாற்றிய பிறகு கப்ளிங்கில் இடைவெளி அளந்தார்களா? இதை முதலில் கேளுங்கள். புது றபர் பழையதைவிட உயரமாக நிற்கும், எஞ்சின் மேலே எழும்பும், ஷாப்டோடு நேர்கோடு போய்விடும். அளக்காமல் விட்டால் மோசமாவது நிச்சயம். அளந்திருந்தாலும், முதல் சில பத்து மணித்தியால ஓட்டத்தில் புது றபர் கொஞ்சம் அமிழும் என்பதால் இன்னொரு தடவை பார்த்தே ஆக வேண்டும். றபரின் கடினமும் எஞ்சினின் நிறைக்குப் பொருந்த வேண்டும். சில எஞ்சின்களுக்கு முன்னுக்கு ஒரு கடினம், பின்னுக்கு வேறு. நாலையும் ஒரே மாதிரி கொடுத்தார்களா, பழையதில் இருந்த அடையாள இலக்கத்தைப் பார்த்துக் கொடுத்தார்களா என்றும் விசாரியுங்கள். பழைய மவுண்ட்கள் கடையிலேயே கிடந்தால் இன்றே போய் எடுத்து வாருங்கள், அவைதான் உங்கள் சாட்சி.

உங்களுக்கு முன்னைய வாசகரைவிட நல்ல வழி இருக்கிறது, ஏனென்றால் விற்றது வியாபாரி. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமன்றிச் சேவைக்கும் பொருந்தும். தகுந்த கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்து தர வேண்டிய பொறுப்பு கடைக்கு உண்டு. முறைப்பாட்டை அந்த அதிகாரசபைக்கு எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு மிச்சம் ஒரு மாதம்தான். ‘நாளைக்கு வாங்கோ, முதலாளி வரட்டும்’ என்று இழுத்தடித்தால் அந்த நாட்களும் கணக்கில் போகும். அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம், ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு நிற்காமல் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். பற்றுச்சீட்டு இல்லையென்றால் கடையில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கடிதம் எழுதுவதற்கு முன் கடைக்கு ஒரு தடவை போய், காசைத் திருப்பிக் கேட்காமல், ‘படகு மிதக்கும்போது வந்து அளந்து சரிசெய்து தாங்கோ’ என்று கேட்பேன். அரை நாள் வேலை. சண்டையில் காசு வருவதைவிட அது விரைவாக முடியும்.

கேள்வி: புது ஷாப்ட் செய்விக்க வேண்டும். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, ‘பாருங்கோ, ஒட்டேல்லை, நல்ல ஸ்ரெயின்லெஸ்’ என்கிறார். நம்பலாமா?
(வாசகர், காரைநகர்)

பதில்: காந்தம் ஒட்டாதது சாதாரண இரும்பு இல்லை என்பதை மட்டும் சொல்லும். ஸ்ரெயின்லெஸ்ஸில் 304 என்ற வகைக்கும் ஒட்டாது, 316 என்ற வகைக்கும் ஒட்டாது. கடலுக்கு வேண்டியது இரண்டாவது, விலையும் கூட. 304 நம் உப்புத்தண்ணீரில், அதுவும் பேரிங் றபருக்குள் நீர் தேங்கி நிற்கும் இடத்தில், புள்ளி புள்ளியாக அரிக்கும். பற்றுச்சீட்டில் ‘316’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறாரா என்று பார்த்தாலே போதும். சீநோர் படகுத்தளத்தில் வேலை செய்த பழைய ஆக்கள் யாராவது உங்கள் பக்கம் இருந்தால் கம்பியை வெட்டுமுன் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

லேத்தில் கொடுக்கும்போது உங்கள் புறொப்பெல்லரையும் கூடவே கொடுங்கள். சரிவு முனையில் நீலம் பூசிப் பொருத்தம் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். புறொப்பெல்லரை ஷாப்டோடு சேர்த்துப் பூட்டும் சிறு உலோகத் துண்டான சாவிக்கட்டை அளவுக்கு மீறி உயரமாக இருந்தால் புறொப்பெல்லர் சரிவில் உட்காராமல் அதன் மேல் ஏறி நிற்கும், புது ஷாப்டே முதல் நாளிலிருந்து நடுங்கும். சாவிக்கட்டையை எடுத்துவிட்டுப் புறொப்பெல்லரை ஏற்றி அது எதுவரை போகிறது என்று ஷாப்டில் ஒரு கோடு போடுங்கள். கட்டையை வைத்து ஏற்றும்போதும் அதே கோட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் கட்டையை அராவச் சொல்லுங்கள், காசை அதற்குப் பிறகு கொடுங்கள்.